உடல் நலப் பகுதி: அரவமின்றி உழைக்கும் சிறுநீரகங்கள்

சென்ற இதழில் இருதயத்தைப் பற்றி எழுதியிருந்தோம். இருதயம் நோயுற்றால் மார்பில் வலியை எழுப்பித் தன் குறையைத் தானே அறிவித்துவிடும். சிறுநீரகங்களின் இயல்பு அதுவன்று. கெடும்போதும் அவை வாய் திறவா. வாசக அன்பர்கள் இவற்றைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டுவதற்கு இதுவே முதற் காரணம்.

பாட்டிமார் குண்டிக்காய் என்று வழங்கிய இவ்விரண்டும் விலா எலும்புகளின் கீழ், முதுகெலும்பின் இரு மருங்கிலும் உள்ளன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவே. ஆயினும் இருதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றினூடே பாய்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவை அரிசியிற் கல் பொறுக்குவதுபோல வேண்டாததை மட்டும் பொறுக்கி எறிவதில்லை. போகிக்கு முன் நம் இல்லத்தரசிகள் என்ன செய்கின்றனர்? பரணிலுள்ள சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்பர் அல்லவா? அதே முறைதான். இரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகின்றது. பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் பன்னிரண்டு குடம்! அதில் நீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றுள் உடலுக்கு வேண்டியவை இரத்தத்திற்கே மீள்கின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டரளவே சிறுநீராய்க் கழிகின்றது.

இவற்றின் பணி இத்துடன் முடிந்துவிடவில்லை. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்வதும், சிவப்பணுக்கள் உண்டாகத் தூண்டும் சுரப்பை அனுப்புவதும் இவையே. சிறுநீரக நோயாளர் பலர் இரத்த சோகையால் வெளிறித் தோன்றுவது இதனாலேயாம்.

ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் மற்றொன்றைக் கொண்டு நெடுங்காலம் நலமாக வாழ்கின்றார். இயற்கை அவ்வளவு தாராளமாக இருப்பு வைத்திருக்கின்றது. ஆனால் ஆபத்தும் அதிலேயே அடங்கியுள்ளது. பாதி வேலை நின்றுபோனாலும் மீதிப் பாதி சுமையைத் தாங்கிக்கொள்வதால், நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. காலையில் முகம் அதைத்தல், பாதம் வீங்குதல், உணவைக் கண்டால் குமட்டல், சிறு நடைக்கே மூச்சு வாங்குதல் ஆகிய இவை தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கெடுப்பவை எவை? நீரிழிவும் இரத்தக் கொதிப்புமே முதன்மையானவை. இவை வடிகட்டிகளின் நுண்குழல்களை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன. அடுத்தது வலி மாத்திரை. நாள் முழுதும் நின்று உழைப்போரும் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருப்போரும் நம்மிடையே பலர். முதுகு வலிக்கு மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குகின்றனர். மருந்துச் சீட்டின்றி அதை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரையும் நான் குற்றம் சொல்வேன். பாதரசம் முதலிய உலோகம் கலந்த பஸ்பங்களைத் தக்க வைத்தியரின்றி உண்பதும் தீங்கே.

முற்றும் செயலிழந்த பின் வழி இரண்டே. ஒன்று டயாலிஸிஸ். ஜெர்மானியர் வசப்பட்டிருந்த ஹாலந்து நாட்டில், 1943இல் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர், இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோபேன் குழாயை உருளையிற் சுற்றி இக்கருவியை அமைத்தார். முதலில் சிகிச்சை பெற்றோர் பிழைக்கவில்லை. 1945இல் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். இன்று பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலுள்ள சிறுநீரக நிலையம் உட்படப் பல இடங்களில் இச்சிகிச்சை உண்டு. ஆயினும் கணக்கைப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி. ஆகப் பன்னிரண்டு மணி. நம் சிறுநீரகம் உழைப்பதோ வாரத்தின் 168 மணியும். எனவே கருவி உயிரைக் காக்குமேயன்றி முழு ஈடாகாது. நோயாளியோடு துணைக்குச் செல்பவரின் கூலியும் அந்நாட்களில் போய்விடும். அதை எந்த மருத்துவமனைப் பில்லிலும் காண இயலாது.

மற்றது மாற்றுச் சிகிச்சை. 1954இல் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே, இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில் 1971இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இது வெற்றியுடன் நடந்தது. பெரிய உறையில் எக்ஸ்ரே படங்களை ஏந்தி, காட்பாடி செல்லும் வண்டிக்குக் காத்திருப்போரை நம் ரயில் நிலையங்களில் இன்றும் காண்கிறேன். வறியோரின் சிறுநீரகத்தை விலைக்கு வாங்கும் கொடுமை பெருகியதால், 1994இல் சட்டம் இயற்றி அவ்வியாபாரத்தைத் தடுத்தனர்.

இவ்விரு வழிக்கும் போகாமற் காக்கும் முறையைச் சென்னை மருத்துவர் எம். கே. மணி கிராமங்களிற் செய்து காட்டினார். அவர் தொடங்கிய அறக்கட்டளை, பள்ளிப் படிப்புள்ள உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பிற்று. அவர்கள் இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் சில துளி அமிலத்தை விட்டனர். புரதம் இருந்தால் அது வெண்மையாகக் கலங்கும். புரதம் கசிவது வடிகட்டி பழுதாவதன் தொடக்க அடையாளம். நோய் கண்டவர்களுக்கு மலிவான மாத்திரைகளே போதுமானவையாயின. பெரிய எந்திரம் எதுவும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

நாற்பது வயது கடந்தோரும், சர்க்கரை அல்லது கொதிப்பு உள்ளோரும் ஆண்டுக்கொரு முறை மூன்று சோதனை செய்துகொள்க. அவை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், சிறுநீர்ச் சோதனையையும் கேட்டு வாங்குக. அன்றாடம் உண்ணும் மாத்திரை அட்டைகளையெல்லாம், வலி மாத்திரை உட்பட, கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுக.

அடுத்த இதழில் ஈரல்.