‘ஒரு மாதிரி’க்கு எந்தப் பொத்தான்?

“நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்” என்று சொல்லிவிட்டு நோயாளி நிறுத்துகிறார். மேலே சொல்லலாமா என்று நம் முகத்தைப் பார்க்கிறார். முகம் திரைப் பக்கம் திரும்பியிருக்கிறது; பட்டியலில் ‘செஸ்ட் பெயின்’ தேடிக்கொண்டிருக்கிறோம். அதைக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள் அவர் பேச்சை முடித்துக்கொண்டுவிடுகிறார்.

நெஞ்சு எரியும், கரிக்கும், அடைக்கும், பிசையும், சுருக்கென்று குத்தும். கரிப்பு பெரும்பாலும் இரைப்பை அமிலம். அடைப்பும் பிசைவும் இதயத்தை நினைக்கச் சொல்கின்றன. மூச்சை இழுக்கும்போது மட்டும் குத்தினால் நுரையீரல் உறையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளி வெறும் ‘ஒரு மாதிரி’யோடு மாரடைப்பைச் சுமந்துகொண்டு வருவதும் உண்டு. இத்தனைக்கும் சேர்த்து மென்பொருளில் ஒரே பொத்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ், 2008இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ‘ஐபேஷன்ட்’ என்று எழுதினார்: கட்டிலில் கிடப்பவரைவிடக் கணினிக்குள் இருப்பவருக்கே கவனிப்பு அதிகம். 2016இல் சின்ஸ்கி என்பவரின் ஆய்வுக் குழு அமெரிக்காவில் 57 மருத்துவர்களை உடனிருந்து கவனித்தது. நோயாளியோடு கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிக்கும் மேசை வேலைக்கும் போனது. நம் ஓபியில் ஒருவருக்குக் கிடைப்பதே சில நிமிடம். அதிலிருந்துதான் தட்டச்சுக்கும் எடுக்கிறோம்.

கணினி வேண்டாம் என்பதல்ல. பழைய கிரியாட்டினின், பென்சிலின் ஒவ்வாமை, படிக்க முடிகிற மருந்துச் சீட்டு எல்லாம் அதன் கொடை. கேஸ் ஷீட் காலத்திலும் குனிந்த தலை நிமிராத பெரியவர்கள் இருந்தார்கள். (அவர்களிடம் பயின்றவர்கள்தாம் நாம்.) ஆனால் அந்தக் காகிதம் அடுத்த கேள்வி எது என்று உத்தரவிட்டதில்லை. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் உத்தரவிடுகிறது.

பல அறைகளில் மானிட்டரின் இடத்தை முடிவு செய்தது பிளக் பாயிண்ட்தான். ஒரு நீட்டிப்பு வயர் போதும், நோயாளியும் திரையைப் பார்க்கும்படி மேசையைத் திருப்பலாம். ஏறி இறங்கும் சர்க்கரை அளவை அவருக்கே காட்டலாம். முதல் ஒரு நிமிடம் விசைப்பலகையைத் தொடாமல் கேட்கலாம். தட்டும்போது, “நீங்க சொன்னதை எழுதிக்கிறேன், இருங்க” என்று வாய்விட்டுச் சொல்வது அவசியம். முகம் திரும்பினாலே ‘போகலாம்’ என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடுபவர்கள் நிறைய. கதவருகே போய், “அப்புறம் இன்னொண்ணு டாக்டர்” என்று தயங்குவது அவர்கள்தான்.

இன்னொன்று: குறிப்புப் பகுதியில் நோயாளியின் சொல்லை அப்படியே தமிழில் எழுதுங்கள். முதல் இசிஜி நார்மல் என்று இருந்தாலும், ‘பிசையுதுன்னு சொன்னார்’ என்ற வரியைப் பார்க்கும் இரவு டியூட்டி மருத்துவர் இரண்டாவது இசிஜி எடுப்பார், டிராப்போனினும் அனுப்புவார்.