கரையிலிருந்து பார்த்தால் மினாங்கபாவ்

நம் வகுப்பறைகளுக்குள் மினாங்கபாவ் சமூகம் எப்போதும் ஒரே படத்தோடுதான் நுழைகிறது. எருமைக் கொம்பைப் போல இரு முனையும் வானை நோக்கி வளைந்த கூரை. அதன்முன் பொன்னிழை ஆடையில் நிற்கும் பெண்கள். கீழே ‘உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம்’ என்ற ஒற்றை வரி. அண்மையில் ஓர் இணையவழிக் கருத்தரங்கிலும் அதே படத்தையும் அதே வரியையும் கண்டேன். காசி, நாயர், மினாங்கபாவ் என்று மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று. சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில் வாழும் மினாங்கபாவ் மக்கள் இக்கட்டத்துக்குள் அடங்குவார்களா என்று கேட்டேன். “கரை கலப்படமானது, மூல வடிவத்தை மலையில்தான் காணலாம்” என்று விடை வந்தது. அவ்விடையில் எனக்கு உடன்பாடில்லை. கேள்வி நேரத்தின் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக உலாக்கானைக் கொள்கிறேன். பாடாங் நகருக்கு வடக்கே, பாரியாமான் நகருக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலை ஒட்டிய தாழ்வான மணல் சமவெளியில் அமைந்த ஊர் அது. தென்னந்தோப்பு, நெல்வயல், சிறு படகுகளில் மீன்பிடிப்பு, உப்பங்கழி: இவ்வளவே அதன் புறத்தோற்றம். 2005-இல் திறக்கப்பட்ட மினாங்கபாவ் பன்னாட்டு விமான நிலையம் அதே கரையில், சற்றுத் தெற்கே இருக்கிறது. அங்கு வந்திறங்கும் பயணிகளில் பெரும்பாலோர் நேரே மலைமேல் உள்ள புக்கிட்டிங்கிக்குச் சென்றுவிடுகிறார்கள். ஆய்வாளர்களும் பெரும்பாலும் அவ்வழியேதான் சென்றிருக்கிறார்கள். நான் உலாக்கானுக்குச் சென்றதில்லை; நூல்களின் வழியாகவே அறிவேன். ஆகவே இது களப்பணிக் குறிப்பன்று, வாசகனின் வாதம்.

வாசித்தவற்றை ஒரு நிலப்படத்தில் குறித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புலப்பட்டது. பெகி ரீவ்ஸ் சாண்டேயின் புகழ்பெற்ற நூல் பெலூபுஸ் என்னும் ஊரிலிருந்து எழுந்தது. எவலின் பிளாக்வுட் தாராமில் இருந்தார். ஜோயல் கான் சுங்கை புவாரில் இருந்தார். ஃபிரடெரிக் எரிங்டன் பாயூரில் இருந்தார். அது மனிஞ்சாவ் ஏரிக்கரை, கடற்கரையன்று. இவ்வூர்கள் அனைத்தும் உள்நாட்டு உயர்நிலப் பகுதியைச் சேர்ந்தவை. ஆய்வாளர்களைக் குறைகூறுவது என் நோக்கமில்லை. ஒருவர் ஓர் ஊரில்தான் வாழ முடியும். ஆனால் அவ்வூர்களிலிருந்து கிடைத்த சித்திரத்தை ‘மினாங்கபாவ்’ என்று பொதுப்பெயரிட்டு, பிறகு அதே சித்திரத்தைக் கொண்டு கரையை அளந்து ‘கலப்படம்’ என்று தீர்ப்பெழுதுவது முறையாகாது.

மினாங்கபாவ் மக்களே தம் உலகை இரண்டாகப் பகுப்பார்கள். மலைசூழ்ந்த உள்நாடு ‘தாரெக்’. அதற்கு வெளியே பரவிய நிலம் ‘ரந்தாவ்’. கடற்கரை ரந்தாவில் அடங்கும். ஊரைவிட்டு வெளியேறிப் பிழைக்கச் செல்வதைக் குறிக்கும் ‘மெரந்தாவ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது. இந்தப் பகுப்பில் உயர்வு தாழ்வு உண்டு என்பதை மறுக்கவில்லை; தாரெக் தாய்நிலம், ரந்தாவ் குடியேறிய நிலம். எனினும் இதே மக்களிடம் இன்னொரு வழக்கும் இருக்கிறது: மரபுவழக்கு மலையிலிருந்து இறங்குகிறது, மார்க்கம் கரையிலிருந்து ஏறுகிறது என்பார்கள். முதற்பாதியை நம் பாடநூல்கள் எடுத்துக்கொண்டன. இரண்டாம் பாதிக்கு அவற்றில் இடமில்லை.

அந்த இரண்டாம் பாதியின் தலைமையிடம் உலாக்கான். 1704-இல் மறைந்ததாகக் கருதப்படும் ஷேக் புர்ஹானுத்தீன் அங்குதான் அடங்கியிருக்கிறார். மரபுச் செய்திகளின்படி அவர் பிறப்பால் மலைநாட்டவர். ஆச்சே சென்று அப்துர் ரவூஃப் அல்-சிங்கிலியிடம் ஷத்தாரிய்யா ஞானநெறியைக் கற்று, திரும்பி வந்து உலாக்கானில் ‘சூராவ்’ அமைத்தார். சூராவ் என்பது தொழுமிடம், பள்ளி, இளைஞர் உறைவிடம் மூன்றும் சேர்ந்தது. தாய்வழி வீட்டில் வளர்ந்த ஆண்மகனுக்குத் தனி அறை கிடையாது. வீட்டின் அறைகள் பெண்களுக்கும் அவர்களின் கணவர்களுக்கும் உரியவை. பருவமெய்தும் சிறுவன் இரவில் சூராவில்தான் உறங்குவான். ஆகவே சூராவை வெறும் சமய நிறுவனமாகப் பார்த்தால் போதாது. தாய்வழிக் குடும்பம் தன் ஆண்மக்களை வைத்திருந்த இடம் அது. கரையிலிருந்து ஏறிய மார்க்கம் மலைநாட்டுத் தாய்வழி முறையோடு மோதுவதற்கு முன்பே அதன் உள்ளமைப்பில் குடிபுகுந்துவிட்டது. மூலம் ஓரிடத்தில், கலப்பு வேறிடத்தில் என்ற பிரிப்பு இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

ஆண்டுதோறும் சஃபர் மாதத்தில், பத்தாம் நாளுக்குப் பிந்தைய புதன்கிழமையை ஒட்டி உலாக்கானில் ‘பாசாப்பா’ நடைபெறுகிறது. மாதத்தின் பெயரே விழாவின் பெயராயிற்று. மலைநாட்டின் பல ஊர்களிலிருந்து ஷத்தாரிய்யா வழியினர் கூட்டங்கூட்டமாக இறங்கி வருகிறார்கள். அடக்கத்தலத்தைச் சுற்றி வெவ்வேறு ஊரார் தத்தமக்கெனக் கட்டிவைத்த சூராவ்கள் இருக்கின்றன. வருவோர் அவற்றில் தங்கி இரவெல்லாம் திக்ரு ஓதுகிறார்கள். மலைநாட்டின் நிலப்படத்தைச் சுருக்கிக் கடற்கரை மணலில் விரித்ததுபோன்ற அமைப்பு இது. ‘விளிம்பு’ என்று நாம் அழைக்கும் ஓர் ஊரில் ‘மையம்’ வந்து ஆளுக்கொரு கூரை போட்டுக்கொண்டிருக்கிறது. ரமலான் பிறையையும் இவ்வழியினர் உலாக்கான் கரையில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தே நோன்பைத் தொடங்குவர். சில ஆண்டுகளில் அரசு அறிவித்த நாளுக்கு ஓரிரு நாள் பிந்தியும் தொடங்கியிருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பத்ரி இயக்கம் பழைய ஞானவழிகளையும் ஊர்வழக்குகளையும் ஒருசேரச் சாடியது. நூற்றாண்டின் இறுதியில் மக்காவில் ஆசிரியராக விளங்கிய அஹ்மத் கத்தீப், தாய்வழிச் சொத்துரிமையை மார்க்கத்துக்கு முரணானது என்று எழுதினார். அவர் பிறந்தது மலைநாட்டில். ஜெஃப்ரி ஹாட்லர் 2008-இல் வெளியிட்ட நூலில் வாதிடுவது இதைத்தான்: இத்தாக்குதல்களுக்கு விடை சொல்லிச் சொல்லியே தாய்வழி முறை பிழைத்தது. தீண்டப்படாமல் காக்கப்பட்டதால் அன்று, ஓயாமல் விவாதிக்கப்பட்டதால் நிலைத்தது. அப்படியாயின் விவாதமும் கலப்பும் மிகுந்த கரையை ஏன் சிதைவின் இடமாகப் படிக்கவேண்டும்?

கரை வேறுபடுவது உண்மை. முதலில் வீடு. பாடாங், பாரியாமான் பகுதிகளின் பழைய மரபுவீடுகளில் அந்தக் கொம்புக் கூரை இல்லை. மாட்டுவண்டியின் கூண்டை ஒத்த கூரைதான் உண்டு, பெயரும் அதுவே: ‘காஜாங் படாத்தி’. கருத்தரங்கப் படத்தைக் கொண்டு தேடுகிறவர் உலாக்கானில் மினாங்கபாவ் வீட்டைக் கண்டுகொள்ளவே மாட்டார்.

அடுத்தது பெயர். மலைநாட்டில் ஆண்மகன் திருமணத்தின்போது பெறும் மரபுப்பட்டம் தாய்மாமன் வழியில் வருவது. பாரியாமான் பகுதியிலோ சிடி, பகிண்டோ, சுத்தான் என்னும் பட்டங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகின்றன. சிடி நபிவழித் தோன்றலையும், பகிண்டோ ஆச்சேப் பெருமக்களையும், சுத்தான் பகாருயுங் அரசகுலத்தையும் சுட்டுவதாக விளக்குவார்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் மிளகுக் கரையை ஆச்சே ஆண்ட காலம் இப்பட்டங்களில் படிந்திருக்கிறது என்பது ஏற்கத்தக்க விளக்கமே. ஆனால் குலம் தாயிடமிருந்துதான் வருகிறது. பரம்பரை நிலமும் வீடும் பெண்வழியில்தான் இறங்குகின்றன. பட்டம் மட்டும் தந்தையுடையது. இதைத் தாய்வழி முறையின் தேய்வு என்று படிக்கலாம். நான் படிப்பது வேறுவகையில்: நிலத்தை ஒரு வழியிலும் மதிப்பை இன்னொரு வழியிலும் கடத்த முடியும் என்பதை இவ்வூர்கள் காட்டுகின்றன. ‘தாய்வழி’ என்பது ஒரு சமூகத்தின் முழுப்பண்பு அல்ல. அதன் சில உரிமைகள் செல்லும் தடம். எந்த உரிமை எத்தடத்தில் செல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். கட்டத்துக்குள் பெயரெழுதும் அட்டவணை அக்கேள்வியைக் கேட்பதில்லை.

பட்டம் இருக்கும் இடத்தில் விலையும் வந்துவிடுகிறது. பாரியாமானில் மணமகன் வீட்டுக்குப் பெண்வீட்டார் ‘ஊவாங் ஜாபுயிக்’ கொடுக்கிறார்கள். ‘அழைத்துவரும் பணம்’ என்று பொருள். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்பவன் என்பதால் அவனை மதிப்புடன் அழைத்துவருவதற்கான கொடை அது. முன்பு பட்டத்தைப் பொறுத்தும், இன்று படிப்பையும் பதவியையும் பொறுத்தும் தொகை பேசப்படுகிறது. இந்திய வாசகருக்கு உடனே வரதட்சணை நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. இரண்டும் ஒன்றல்ல. இங்கே பெண் தன் வீட்டைவிட்டுப் போவதில்லை, கணவன்தான் விருந்தினன், திருமணத்துக்குப் பின் மணமகன் வீட்டாரும் பெண்ணுக்குத் திரும்பப் பொருள் வழங்கும் முறை உண்டு. பணத்தோடு பெண்ணையும் அந்நிய வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நம் ஏற்பாட்டின் வன்முறை இதில் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டு பாராட்டத் தொடங்குவதும் பிழை. திரும்பாத தொகையாக ‘ஊவாங் ஹிலாங்’, அதாவது ‘தொலைந்த பணம்’, என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதைப் பாரியாமான் மக்களே கண்டித்து எழுதுகிறார்கள். மகள்களை மட்டும் பெற்ற, நிலம் குறைந்த குடும்பத்துக்கு இது சுமைதான். வீடு பெண்ணுக்குரியது என்பதாலேயே பெண்வீட்டின் கையில் பணம் இருக்கும் என்றாகிவிடாது. தாய்வழிச் சமூகத்தைப் பெண்ணின் பொன்னுலகமாகக் காட்டும் கட்டுரைகள் இந்த இடத்தில் வாய்திறப்பதில்லை. ‘கலப்படம்’ என்று கரையை ஒதுக்கிவைப்பது இத்தகைய சங்கடங்களிலிருந்து தப்பிக்க வசதியான வழி என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆட்சிமுறை பற்றிச் சுருக்கமாக. இச்சமூகத்தின் ஊரலகு ‘நகரி’. சொல் நமக்கு அந்நியமானதன்று. 1979-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இந்தோனேசியா முழுமைக்கும் சாவக முறையிலான ‘தேசா’வை விதித்தபோது, மேற்கு சுமத்ராவின் நகரிகள் துண்டுபட்டன. சுகார்த்தோ ஆட்சி வீழ்ந்தபின் 2000-இல் மாகாணம் நகரியை மீட்டது. மீண்ட நகரிகளில் பல பின்னர் நிர்வாக வசதிக்காகப் பிரிக்கப்பட்டன; உலாக்கானும் பிரிந்தது. பிரிந்த ஊர்கள் சண்டி உலாக்கான், பாடாங் தோபோ உலாக்கான் என்று பழைய பெயரைப் பின்னொட்டாகச் சுமக்கின்றன. ஆனால் குலநிலம் நிர்வாக எல்லையைப் பின்பற்றுவதில்லை.

குலநிலம் என்றதும் கரைக்கே உரிய அச்சத்துக்கு வரவேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று பாரியாமானுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட 7.6 அளவு நிலநடுக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெந்தாவாய்த் தீவுகளுக்கு அடியில் உள்ள கண்டத்தட்டு விளிம்பு 1797-இலும் 1833-இலும் பெருநடுக்கங்களையும் ஆழிப்பேரலைகளையும் எழுப்பியது. பவளப்பாறைகளின் வளர்ச்சித் தடங்களைப் படித்த புவியியலாளர்கள் அங்கு மீண்டும் ஒரு பெருநடுக்கத்தை எதிர்பார்க்கிறார்கள். உலாக்கான் போன்ற தாழ்கரைக்கு எளிதாகச் சொல்லப்படும் தீர்வு ‘உள்ளே தள்ளிக் குடியேறுங்கள்’ என்பது. அவ்வாறு தள்ளிப்போகும் நிலம் யாருடையது? வேறொரு குலத்தினுடையது. தன் குலநிலத்தில் வீட்டுரிமை உடைய பெண், அந்நிலத்தைவிட்டு நகர்ந்தால் வேறொருவர் மண்ணில் குடியிருப்பவளாகிறாள். அல்லது விலைக்கு வாங்கிய மனைக்குப் பட்டா எழுதப்படும்போது, பணம் யாருடையதோ அவர் பெயரில் எழுதப்படும். வெளியூரில் உணவகம் நடத்திப் பணம் அனுப்பும் கணவனின் பெயராக அது இருக்க வாய்ப்பு அதிகம். சட்டத்தாலும் சமய விவாதத்தாலும் அசையாத பெண்வழி உரிமை ஒரு பேரிடர்த் திட்டத்தில் ஓசையின்றிக் கைமாறக்கூடும். இது என் ஊகம்தான். ஆனால் கரையைக் கணக்கில் கொள்ளாத தாய்வழி ஆய்வு இந்த ஊகத்தைச் சோதிக்கக்கூட முடியாது.

நம் நண்பர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. பாரியாமானில் முஹர்ரம் பத்தாம் நாளை ஒட்டி ‘தாபுயிக்’ தூக்கிக் கடலில் விடுவார்கள். பெங்கூலுவில் ஆங்கிலேயர் நிறுத்திய இந்தியச் சிப்பாய்கள் கொண்டுவந்த வழக்கம் அது என்பது பொதுவான விளக்கம். அவர்களைத் தமிழர் என்று எழுதும் உள்ளூர்க் குறிப்புகளும் உண்டு. மலைநாட்டில் ஆதித்தியவர்மன் காலத்துக் கல்வெட்டொன்று கிரந்த எழுத்தையும் கொண்டிருக்கிறது. இவற்றைப் பார்த்தவுடன் ‘மினாங்கபாவ் தமிழரே’ என்று பதிவிடும் ஆர்வத்தைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டுகிறேன். ‘மாமாக்’ என்றால் தாய்மாமன் என்பதும் அதற்குச் சான்றாகாது.

உறுதியான தொடர்பு வேண்டுமெனில் பாடாங்கின் முஹம்மதன் பள்ளிவாசலுக்குச் செல்லலாம். ஜமாதுல் ஆகிர் முதல் நாளில் அங்குள்ள இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் சிறு துணிப்பொதிகளில் சர்க்கரையைக் கட்டிக் கூரையிலிருந்து கூட்டத்தின்மேல் வீசுகிறார்கள். ‘செராக் குலோ’ என்று பெயர். நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் கந்தூரிக்குக் கொடியேறுவதும் அதே மாதத்தின் தொடக்கத்தில்தான். பாடாங் விழாவும் அவர் நினைவாகவே நடக்கிறது. தமிழும் இந்தோனேசிய மொழியும் அறிந்து இந்த இரு கரைகளையும் சேர்த்து ஆராய்வோர் யாரேனும் இருந்தால், அல்லது அத்தகைய ஆய்வேடு எதையேனும் அறிந்திருந்தால், பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்.