கலகம் ஒரு கிளிக்கில் அடங்காது

போன ஞாயிற்றுக்கிழமை பையன் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 ஆடிக்கொண்டிருந்தான். 2013-ல் வந்த கேம், இன்னும் விடமாட்டேன் என்கிறான். "அப்பா, கலகம் 90 பர்சென்ட் வந்துடுச்சு" என்றான். 'கடுமையாக நடத்து' என்று ஒரு பொத்தான். அமுக்கினான். 60 ஆனது. "முடிஞ்சுது" என்று சாப்பிடப் போய்விட்டான்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. புனேவில் பிறந்த பையன். ஆனால் எங்களுக்குச் சொந்த ஊர் வேலூராச்சே!

அந்த கேம் ஓடுவது 1444 முதல் 1821 வரை. எங்க ஊர்க் கோட்டையில் 1806-ல் நடந்ததும் அதற்குள்தான் வருகிறது. 1805 நவம்பரில் சென்னை ராணுவத் தளபதி கிரடாக் உத்தரவு போட்டார்: நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை. மறுத்த சிப்பாய்களுக்கு 1806 மே மாதம் சவுக்கடி. அதாவது, பொத்தானை அமுக்கியாயிற்று. மீட்டர் இறங்கியிருக்க வேண்டுமே? ஜூலை 10 விடியும் முன்பே கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது.

ஜூனிலேயே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் துரையிடம் போய்ச் சொன்னார். விசாரிக்கும் வேலையை இந்திய அதிகாரிகளிடமே விட்டார்கள். அவர்கள் சொன்னவருக்கே பைத்தியப் பட்டம் கட்டினார்கள். அவருக்கு விலங்கு.

கேம் செய்பவர்களோடு என் சண்டை இதுதான். கலகத்தை ஜுரமாக்கி, ராஜா கையில் தெர்மாமீட்டரும் கொடுத்துவிடுகிறீர்கள். 2022-ல் வந்த விக்டோரியா 3 தேவலை; நிலக்கிழார், படை, தொழிற்சங்கம் என்று செல்வாக்கைப் பிரித்துக் காட்டுகிறது. அதிலும் ஆடுபவன் பார்க்கும் எண் பொய் சொல்வதில்லை. நிஜத்தில் அந்த எண்ணைக் கொண்டுவருபவனுக்கும் ஒரு கட்சி உண்டு சார்! சவுக்கடி கொடுத்தால் கோபம் குறையக் கூடாது. கோபத்தைப் பற்றி வரும் சேதிதான் குறைய வேண்டும்.

"ஆடறவனுக்கு எரிச்சல் வருமே" என்பீர்கள். எதிரிப் படையை மூடுபனியில் மறைக்கிறீர்கள், யாரும் எரிச்சல்படவில்லை. சொந்த ஜனங்கள் மனசு மட்டும் எப்படிப் பளிச்சென்று தெரியும்?

தோற்ற கலகத்துக்குக் கணக்கே இல்லை என்பது அடுத்த குறை. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். ஆனால் தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

'கேம்தானே, விடுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷம் முன்னால் மீட்டிங்கில் குறை சொன்ன ஒரு பையனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதற்கப்புறம் வாராவாரம் ரிப்போர்ட் பச்சைதான். டீம் அமைதி என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் மூன்று ராஜினாமா.

மே லீவுக்கு ஊருக்குப் போகிறோம். கோட்டை எதிரில் இருக்கிற நினைவுத் தூணைப் பையனுக்குக் காட்ட வேண்டும். ராஜினாமா கதையையும் அங்கேயே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.