ரொக்கம் ஒன்றும் பழைய பஞ்சாங்கம் அல்ல

செவ்வாய்க்கிழமை பொழுது விடியும்போதே தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வாரச்சந்தையில் ஆட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. வாங்க வந்தவர் ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்க்கிறார். வாயைத் திறந்து பல் பார்க்கிறார். வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி, கறி எத்தனை கிலோ தேறும் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார். விலை படிந்ததும் மடியிலிருந்து நோட்டுக்கட்டு வெளியே வருகிறது. அவர் எண்ணிக் கொடுக்க, விற்றவர் இன்னொரு முறை எண்ணி வாங்குகிறார். கயிறு கைமாறியதும் வியாபாரம் முடிந்தது. கொஞ்சம் தள்ளி, காய்கறிக் கடையின் தராசுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது. தக்காளி வாங்கிய இளைஞர் போனை நீட்டுகிறார். சின்ன ஒலிப்பெட்டி வந்த தொகையைத் தமிழில் சொல்கிறது.

இரண்டும் ஒரே சந்தையில், ஒரே காலையில் நடக்கின்றன. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வரும் பிள்ளைகளின் கண்ணில் இரண்டாவது காட்சி மட்டும்தான் படுகிறது. “இப்ப யாருங்க கையில காசு வச்சிக்கிறாங்க? கீரைக்காரம்மாகூட ஜிபே வச்சிருக்காங்க” என்கிறார்கள். தொலைக்காட்சி விவாதத்திலும் வங்கி விளம்பரத்திலும் இதே பேச்சுதான். ரொக்கத்தின் காலம் முடிந்துவிட்டதாம். இன்னும் நோட்டு எண்ணுகிறவர் காலத்துக்கு ஒத்துவராதவர், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறவர் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். ஏழைகளுக்கு இது கெடுதலும் செய்கிறது.

யூபிஐயின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதை அறிமுகப்படுத்தியது 2016 ஏப்ரலில். 2024-ஆம் ஆண்டில் மட்டும் 17,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் அதன் வழியாக நடந்தன. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது. திருப்பூரில் கூலி வாங்கிய மகன் அதே நிமிடம் அம்மாவின் கணக்கில் பணம் போட முடிகிறது. மணியார்டருக்குக் காத்திருந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் யூபிஐ வளர்ந்ததால் ரொக்கம் ஒழிந்தது என்ற கணக்கு எங்கே இருக்கிறது? 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது புழக்கத்தில் இருந்த பணம் 18 லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2025 மார்ச் முடிவில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு 36 லட்சம் கோடிக்கு மேல். ரிசர்வ் வங்கி சொல்லும் கணக்கு இது. போன் பரிமாற்றம் விண்ணைத் தொட்ட அதே ஆண்டுகளில் நோட்டின் மதிப்பும் இரண்டு மடங்காகிவிட்டது. அதில் பெரும்பங்கு கைமாறாமல் பீரோவில் கிடக்கிறது என்று வாதிடுவார்கள். கிடக்கட்டும். அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்று கோடிக்கணக்கான வீடுகள் எதை நம்புகின்றன என்பது அதிலேயே தெரிகிறது.

ஆட்டு வியாபாரி ஏன் நோட்டை விடவில்லை என்று அவரையே கேட்டால் காரணம் விளங்கும். யூபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகை பொதுவாக ஒரு லட்சம் ரூபாய்தான். புதுப் போனில் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாயோடு சரி. பண்டிகைக்கு முந்தைய சந்தையில் இருபது முப்பது ஆடு பிடிக்க வருகிறவருக்கு இந்த வரம்பு எந்த மூலைக்கு? விற்பவர் பக்கம் பயம் இன்னும் அதிகம். ஆடு ஏறிய வண்டி ஒரு மணி நேரத்தில் தொப்பூர் கணவாயைத் தாண்டிவிடும். பணம் வந்ததாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்டுகளும் போலிச் செயலிகளும் உலவும் காலம் இது. பணம் வரவில்லை என்று தெரியவரும்போது ஆளும் இல்லை, ஆடும் இல்லை. நோட்டு அப்படி ஏமாற்றாது. கைக்கு வந்தால் வந்ததுதான். அதை உறுதிப்படுத்த சர்வர் வேண்டாம், சிக்னல் வேண்டாம், பேட்டரியில் சார்ஜும் வேண்டாம்.

சர்வரும் ஒன்றும் சாகாவரம் பெற்றதல்ல. 2025 மார்ச் 26-ஆம் தேதி மாலை நாடு முழுவதும் யூபிஐ திணறியது. பதினேழே நாள் கழித்து, ஏப்ரல் 12 சனிக்கிழமை, மறுபடியும் மணிக்கணக்கில் படுத்தது. பரிமாற்றம் முடிந்ததா என்று வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்டதில் சுமை ஏறிவிட்டது என்பது தெரிந்ததும், அந்த ஆகஸ்ட் முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்பு பார்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். தன் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கே வரம்பு. முந்தானையில் முடிந்த காசை ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் அவிழ்த்து எண்ணலாம்.

சிக்கல் முழுதாகத் தெரிய வேண்டுமானால் நல்லம்பள்ளி வட்டத்திலேயே இருக்கும் தொப்பூருக்குப் போக வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது அந்த ஊரில்தான். அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் நேரடியாக விழுகிறது. நல்ல திட்டம், இடைத்தரகர் இல்லாமல் வரும் பணம். ஆனால் கணக்கில் விழுந்த பணம் கைக்கு வந்தால்தானே அரிசியாகும், மருந்தாகும்? ஸ்மார்ட்போன் இல்லாத பெண்ணுக்கு அந்த ஆயிரம் பெரும்பாலும் ஏடிஎம் வழியாகத்தான் வர வேண்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் கணவரின் கையில் என்றால் நிலைமை இன்னும் மோசம். உரிமைத்தொகை மனைவியின் பெயரில் இருக்கும். ஓடிபி கணவரின் கையில் இருக்கும்.

ஏடிஎம்மில் என்ன வருகிறது? பெரும்பாலும் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். நாட்டில் புழங்கும் நோட்டுகளின் மொத்த மதிப்பில் 86 விழுக்காடு 500 ரூபாய் நோட்டுதான். அதை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். “சில்லறை இல்லம்மா, ஸ்கேன் பண்ணிடுங்க.” சில்லறை கிடைக்காததால் மக்கள் போனுக்குத் தள்ளப்படுகிறார்கள். தள்ளப்பட்டவர்களையும் விரும்பி மாறியவர்களோடு சேர்த்து எண்ணிவிட்டு, பார்த்தீர்களா, ரொக்கம் ஒழிகிறது என்கிறார்கள். ரிசர்வ் வங்கிக்கே இது உறைத்திருக்கிறது. 75 விழுக்காடு ஏடிஎம்களில் 2025 செப்டம்பர் முடிவுக்குள்ளும், 90 விழுக்காட்டில் 2026 மார்ச் முடிவுக்குள்ளும் 100 அல்லது 200 ரூபாய் நோட்டுகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இதற்கிடையே, இலவச முறைகள் தீர்ந்த பிறகு ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் வங்கிகள் பிடித்துக்கொள்ளக்கூடிய கட்டணம் அந்த மே மாதம் 23 ரூபாயாக உயர்ந்தது. ஆயிரம் ரூபாயை நம்பியிருக்கும் வீட்டில் 23 ரூபாய் ஒரு வேளைக் குழம்புச் செலவு.

வெறும் பேச்சே பணத்தைச் செல்லாததாக்கிவிடும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி பல மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. பேருந்தில் வாங்க மறுத்தார்கள், பெட்டிக்கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். புழக்கத்தில் உள்ள 14 வடிவ நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று நாணயத்துக்கு நடந்ததுதான் இன்று மொத்த ரொக்கத்துக்கும் மெல்ல நடந்துகொண்டிருக்கிறது. இந்த முறை வதந்தி நாகரிக உடை போட்டுக்கொண்டு வருகிறது. அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

பேச்சு சட்டமாகவும் மாறுகிறது. தொப்பூருக்குப் பக்கத்தில் பாளையம் சுங்கச்சாவடி இருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்டாக் இல்லாமல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிக்கு வரும் வண்டி, 2025 நவம்பர் 15 முதல், யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு கட்டணமும் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கும் தர வேண்டும் என்று விதி வந்தது. நூறு ரூபாய்ச் சாவடியில் போனை நீட்டினால் 125, நோட்டை நீட்டினால் 200. வண்டிகள் தேங்காமல் இருக்க பாஸ்டாக் தேவை என்பது நியாயம்தான். பாஸ்டாக் இல்லாத இருவரில் ஒருவருக்கு மட்டும் கூடுதல் அபராதம் எதற்கு? இந்திய அரசின் உத்தரவாதத்தோடு ரிசர்வ் வங்கி வெளியிட்ட நோட்டை நீட்டியதற்கு!

ரொக்கம் என்றாலே கறுப்புப் பணம் என்பார்கள். அந்த வாதத்துக்கு 2018-லேயே பதில் கிடைத்துவிட்டது. செல்லாததாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பி வந்தது, அதாவது 99.3 விழுக்காடு. பதுக்கல்காரர்கள் நோட்டுகளைக் குளத்தில் வீசுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்த கணக்கு இது. வெளிச்சத்துக்கு வந்தது, அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம்தான். திருட்டும் போனுக்குக் குடிமாறத் தயங்கவில்லை. 2024-ஆம் ஆண்டில் இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 22,800 கோடி ரூபாய்க்கு மேல் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. முந்தைய ஆண்டைப் போல் மூன்று மடங்கு அது. சந்தையில் ஜேப்படி கொடுத்தவருக்குச் சட்டைப்பையில் இருந்தது மட்டும் போகும். போனில் ஏமாந்தவருக்கு வாழ்நாள் சேமிப்பே போய்விடுகிறது.

பெங்களூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தர்மபுரி மாவட்டத்து ஆட்கள் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் நாள்தோறும் போய் இறங்கும் ஊர் அது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் யூபிஐ வரவு காட்டிய ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜிஎஸ்டியே இல்லாத காய்கறியையும் பாலையும் விற்றவர்களுக்கும் அது போனது. வரவை மட்டும் பார்த்த கணினிக்கு, விற்ற சரக்கு என்ன, அதில் லாபம் எவ்வளவு என்பது தெரியாது. சில நாட்களில் டீக்கடைகளும் பேக்கரிகளும் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. பிறகு அரசு இறங்கிவந்தது. வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இந்தியாவின் தொழில்நுட்பத் தலைநகரிலேயே, போன்பே பிறந்த ஊரிலேயே, ஒரே வாரத்தில் ரொக்கம் திரும்பி வந்தது. காலம் முடிந்த ஒன்று அப்படித் திரும்பி வருமா?

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. யூபிஐ பரிமாற்றங்களில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு இரண்டே செயலிகள் வழியாக நடக்கின்றன. ஒன்று வால்மார்ட்டின் பிடியில் இருக்கும் போன்பே, மற்றொன்று கூகுள் பே. எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று கொடுப்பனவுக் கழகம் 2020-லேயே விதி வகுத்தது. அதை அமல்படுத்தும் தேதி தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் முடிவுக்குப் போய்விட்டது. பொதுச் சொத்தாகக் கட்டிய பாலத்தின் இரு முனையிலும் தனியார் காவலர்கள் நிற்கிறார்கள். ரொக்கம் இருக்கும்வரை அந்தப் பாலத்தில் ஏறாமலும் ஆற்றைக் கடக்கலாம்.

நம்மைவிடப் பல ஆண்டு முன்னால் ரொக்கத்தைக் கைவிட்ட நாடுகள் இப்போது திரும்பிப் பார்க்கின்றன. சுவீடன் அரசு 2024-இன் பிற்பகுதியில் போர், பேரிடர் பற்றி வீடுதோறும் அனுப்பிய கையேட்டில், ஒரு வாரச் செலவுக்கான ரொக்கத்தைப் பல மதிப்பு நோட்டுகளாக வைத்துக்கொள்ளும்படி மக்களுக்குச் சொன்னது. கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை நார்வே 2024 அக்டோபர் 1 முதல் சட்டத்தில் வலுப்படுத்தியது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரம் இல்லாமல் இருண்டபோது, கையில் நோட்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் ரொட்டியும் தண்ணீரும் எளிதில் கிடைத்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் கோபுரங்களும் ஏடிஎம்களும் முடங்கிக் கிடந்த சென்னைக்கு இந்தப் பாடம் புதிதில்லை.

யூபிஐ இருக்கட்டும், வளரட்டும். அதன் பக்கத்தில் ரொக்கம் மரியாதையோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. சுங்கச்சாவடியில் நோட்டுக்கு விதிக்கும் கூடுதல் தண்டனையை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். மருத்துவமனை, ரேஷன் கடை, பேருந்து, பள்ளி என எந்தப் பொதுச் சேவையிலும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணை போட வேண்டும். உரிமைத்தொகை வரும் நாளில் கிராமப்புற ஏடிஎம்களில் நூறு ரூபாய் நோட்டு நிரம்பியிருக்கிறதா என்று வங்கிகள் பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளே, அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவோடு நல்லம்பள்ளி சந்தைக்குப் போகும்போது சட்டைப்பையில் பத்தும் இருபதுமாகக் கொஞ்சம் எடுத்துப்போங்கள். கியூஆர் அட்டை இல்லாமல் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கீரையை அந்தக் காசில் வாங்குங்கள்.