ஊறுகாய் ஜாடிக்கு அனுமதி இல்லை

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் படித்து வையுங்கள். நயாகராவெல்லாம் பார்த்தாயிற்று என்றால், ஒரு சின்ன அருவிக்கு அழைத்துப் போகச் சொல்லலாம்.

மின்னிசோட்டா மாநிலத்தின் வட கோடியில், கானடா எல்லையை ஒட்டி, 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்றொரு காடு. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விஸ்தீரணம். ஆயிரத்துக்கு மேல் ஏரிகள். அங்கே பைன் ஏரியின் மேற்குக் கோடியில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தால் ஜான்ஸன் அருவி. அந்தக் கோடிக்குப் போக, சுமார் ஏழு மைல் தோணியில் துடுப்புப் போட வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் கை ஓய்ந்துவிடும்!

இந்தக் காட்டில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே நிலம் வந்தால், தோணியைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து நடப்பார்கள். அந்த வழியை 'ராட்' கணக்கில் அளப்பது வழக்கம். ஒரு ராட் பதினாறரை அடி. ஏறக்குறைய ஒரு தோணியின் நீளம். பெண்களும் சுமக்கிறார்கள். இக்கால 'கெவ்லார்' தோணி சுமார் 45 ராத்தல்தான். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்த நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்.

கட்டுச்சாதம் விஷயத்தில்தான் கெடுபிடி. தகர டப்பாவோ கண்ணாடி ஜாடியோ கூடாது. ஆவக்காயைப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போய், காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் சோப்புப் போடக் கூடாது. ராத்தங்கினால், சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்கு எட்டாமல் மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு கோஷ்டியில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது.

இத்தனை சட்டம் எதற்கு என்று உள்ளூர்க்காரர்களே சண்டை போட்டார்கள். அங்கே விமானங்கள் தாழப் பறப்பதை 1949-ல் ஜனாதிபதி ட்ரூமன் தடுத்தார். விமானத்தில் ஆட்களைக் கொண்டுவந்து ஏரியில் இறக்கிய விடுதிக்காரர்களுக்கு நஷ்டம். 1978-ல் வந்த சட்டம் பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகையும் நிறுத்தியது. பிழைப்புப் போயிற்றே என்று அவர்கள் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் என் ஓட்டு சட்டத்துக்குத்தான். துடுப்பை மடியில் வைத்தால், அதிலிருந்து சொட்டும் நீர்கூடக் காதில் விழுகிற இடம் இன்று எத்தனை இருக்கிறது? காட்டுப் பாதையில் அருவி கண்ணில் படுமுன் அதன் இரைச்சல் கேட்கும். பக்கத்தில் கடை கிடையாது, பஜ்ஜி கிடையாது. பாறையில் உட்கார்ந்து தயிர் சாதத்தைப் பிரியுங்கள்.

ஜூன் மாதம் கொசு பிடுங்கி எடுக்கும். ஆகஸ்டுக் கடைசி உத்தமம். ராத்தங்குவதானால், அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.