கதவடைப்பு துப்புரவு ஆகாது

கைவிட்ட சுரங்கமும் கதவடைத்த தொழிலகமும் ஓரினத்தவையே. பொருளை அள்ளியவன் போய்விடுகிறான். நஞ்சு மட்டும் அங்கேயே குடியிருக்கிறது. அமெரிக்காவின் பியூட் நகரில் மாபெரும் செம்புச் சுரங்கம் ஒன்று 1982-இல் மூடப்பட்டது. நீர் இறைத்த பொறிகள் நிறுத்தப்பட்டன. ஊற்றுநீர் ஏறிக் கந்தகக் கனிமங்களைக் கரைத்துக் கடுங்காடி ஆயிற்று. 1995-இல் அதில் இறங்கிய பனிவாத்துகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. ஆயினும், அந்நாட்டின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்கத்தை விலைக்கு வாங்கியிருந்த எண்ணெய் நிறுவனத்தை விடவில்லை. துப்புரவுச் செலவை அதன் தலையிலேயே சுமத்தியது. தன் மண்ணில் இத்துணைக் கண்டிப்புக் காட்டும் அந்நாடு, தன் நிறுவனங்கள் அயலார் மண்ணில் செய்வதற்கு மட்டும் கண்மூடிக் கொள்ளும்!

அத்தகைய அயலார் மண்தான் கொடைக்கானல்.

நியூயார்க்கு மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிலகம் ஒன்று அங்கே மூடப்பெற்று, அதன் பொறிகள் கப்பலேறி வந்து, 1983-இல் கொடைக்கானல் மலைமுகட்டில் நிறுவப்பெற்றன. நிறுவியது செசுபரோ பாண்ட்சு; 1987-இல் அது யூனிலீவர் குழுமத்தின் கைக்குப் போயிற்று. இதளும் (பாதரசமும்) கண்ணாடியும் அமெரிக்காவினின்று வந்தன; செய்து முடித்த வெப்பமானிகளும் அமெரிக்காவுக்கே சென்றன. தமிழ்மண்ணில் தங்கியவை இரண்டே: குறைந்த கூலியும் சிந்திய இதளும்.

இதள் பார்ப்பதற்கு அழகிய பொருள். வெள்ளியை உருக்கி விட்டாற்போல் உருண்டோடும். ஆனால், அறைவெப்பத்திலேயே கண்ணுக்குப் புலனாகாத ஆவியாகி, மூச்சின்வழி உட்புகுந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நீரில் சேர்ந்தாலோ நுண்ணுயிர்கள் அதனை மேலும் கொடிய நஞ்சாக மாற்றும். அது சேற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மாந்தர்க்கும் ஏறும். சப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்டது இந்நோயே. தாயின் கருவிலிருந்த குழந்தையையும் அது விட்டுவைக்கவில்லை.

2001 மார்ச்சுத் திங்களில், மூஞ்சிக்கல்லிலுள்ள பழம்பொருள் கிடங்கொன்றில் இதள் படிந்த கண்ணாடிக் கழிவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஊரார் ஊர்வலமாகச் சென்று உண்மையை உலகறியச் செய்தனர். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 தொன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நஞ்சு வந்த வழியே திரும்பிய நிகழ்ச்சி இந்நாட்டு வரலாற்றில் அரிது. அதனைச் செய்வித்தவர் கொடைக்கானல் எளிய மக்களே. எந்த அமைச்சரும் அல்லர்.

தொழிலாளர் நிலையோ வேறு. நிறுவனம் அவர்தம் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை என்றே சொல்லி வந்தது. 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் அளவு காலம்.

எஞ்சியது மண். நஞ்சேறிய மண்ணைத் தோண்டிச் சலித்துக் கழுவ வேண்டும். கழுவலில் போகாததைச் சூடேற்றி இதளை ஆவியாக்கிப் பிடிக்க வேண்டும். அஃது இயலாத வேலை அன்று. எந்த அளவோடு நிறுத்துவது என்பதே வழக்கு. ஓர் ஆயிரங்கிராம் மண்ணில் 20 மில்லிகிராம் இதள் இருக்கலாம் என்னும் அளவைத் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. யூனிலீவரின் தலைமையகம் இருக்கும் பிரித்தானியாவிலோ, குடியிருப்பு மண்ணில் தனி இதளுக்கு 2009-இல் வகுக்கப்பெற்ற வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம். இலண்டன் குழந்தையின் நரம்பு வேறு, கொடைக்கானல் குழந்தையின் நரம்பு வேறா? மண்ணை மிகுதியாகத் தோண்டினால் சோலைமரங்கள் சாயும், சரிவு அரிக்கப்படும் என்பது மறுதரப்பார் கூற்று. அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால், மரத்தின்பால் திடுமெனப் பிறந்த இவ்வன்பு, தோண்டும் செலவையும் குறைத்துத் தருகிறது என்பதை மறத்தற்கில்லை.

ஆலை மதிலோடு இச்சிக்கல் முடியவில்லை. அணுவாற்றல் துறை ஆய்வாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் இதள் இருத்தலைக் கண்டு 2006-இல் வெளியிட்டனர். ஆலைக்குக் கீழே பாம்பாற்றுச் சோலை. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாய் விழுந்து, பெரியகுளம் வயல்வழி வையையைச் சேர்கிறது. மயிலாடும்பாறையில் ஓடும் மூலவையைக்கு இந்நஞ்சால் இடரில்லை. அது வருசநாட்டு மலைநீர். ஆயினும், அங்கே தூயதாய்ப் பிறக்கும் வையையோடு கீழே கொடைக்கானல் நீரும் கலந்தே மதுரைக்குச் செல்கிறது. எனவே, இது கொடைக்கானலார்க்கு மட்டும் உரிய வழக்கன்று. தேனி மாவட்ட உழவர்க்கும் உரியது.

அவர்கள் கையில் என்ன உள்ளது? ஆய்வறிக்கைகளும் துப்புரவுத் திட்டங்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நஞ்சைச் சுமந்தவன் படிக்கவியலாத மொழியில் நஞ்சின் அளவு எழுதப்படுகிறது! பாம்பாற்று வண்டலையும் கும்பக்கரை மீனையும் ஆண்டுதோறும் ஆய்ந்து, முடிவைத் தமிழில் அச்சிட்டுப் பெரியகுளம், ஆண்டிப்பட்டி, மயிலாடும்பாறை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டச் சொல்லி உழவர் கேட்க வேண்டும். அதற்காகும் செலவு அரசின் கருவூலத்திலிருந்து அன்று, யூனிலீவரின் கணக்கிலிருந்தே வரவேண்டும்.