மேக்குக்கு வைரஸ் வராதாம்!

விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்ற சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து "மேக்குக்கு வைரஸே வராது" என்பார். பின்னாலேயே ஒரு லினக்ஸ் அன்பர் "எங்களுக்கும்தான்" என்று சேர்ந்துகொள்வார். விண்டோஸ்காரர் பாவம், ஆண்டிவைரஸுக்குக் கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டார். எந்த இயங்குதளத்தில் ஓட்டை இல்லை என்று கேட்டால் பதிலே கிடையாது. ஓட்டை தெரிந்தபின் அது உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எத்தனை நாளில் அடைபடுகிறது? கேட்க வேண்டியது அதைத்தான்.

2012-ல் வந்த ஃப்ளாஷ்பேக்கை மேக் ரசிகர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். ஜாவாவில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நுழைந்த நிரல் அது. பாஸ்வேர்டு கொடுக்க மறுத்தாலும் தொற்றிக்கொண்டது. அந்த ஓட்டையை ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரி நடுவிலேயே அடைத்துவிட்டது. ஆனால் மேக்குக்கான ஜாவாவை அப்போது ஆப்பிள்தான் வெளியிட்டு வந்தது. அதன் பேட்ச் வந்தது ஏப்ரல் தொடக்கத்தில். ஏறக்குறைய ஏழு வாரம்! மாட்டிக்கொண்டவை சுமார் 6 லட்சம் மேக்குகள். அந்த ஜூனில் ஆப்பிள் தன் தளத்தில் இருந்த "பிசி வைரஸ்கள் வராது" என்ற விளம்பர வாசகத்தை ஓசைப்படாமல் எடுத்துவிட்டது. நிறுவனமே கைவிட்ட வசனத்தை ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இது விண்டோஸுக்கு வக்காலத்து இல்லை. எக்ஸ்பியில் முதலில் உருவாகும் கணக்கே அட்மினிஸ்ட்ரேட்டர். வீட்டுக்குள் வந்தவன் கையில் பீரோ சாவியையும் கொடுத்தது மாதிரி. 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு ஃபயர்வால் தானாகவே இயங்கும் நிலை 2004-ல் சர்வீஸ் பேக் 2 வந்தபோதுதான் கிடைத்தது. அதற்குள் 2003-லேயே பிளாஸ்டர் புழு ஆடித் தீர்த்துவிட்டது. ஆனால் 2017-ல் வானாக்ரை வந்தபோது மைக்ரோசாஃப்ட் தூங்கவில்லை. பேட்ச் வந்தது மார்ச் 14, தாக்குதல் மே 12. இரண்டு மாதம் அப்டேட் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் விழுந்தன, பெரும்பாலும் விண்டோஸ் 7. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

லினக்ஸுக்கு வருவோம். "மூல நிரலை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள்" என்பது அங்கே வேதவாக்கு. டெபியனில் 2006-ல் ஓபன்எஸ்எஸ்எல் நிரலிலிருந்து ஒரு பராமரிப்பாளர் சில வரிகளை நீக்கினார். அதனால் ரகசியச் சாவிகள் எல்லாமே முப்பதாயிரத்துச் சொச்சம் சாத்தியங்களுக்குள் அடங்கிப்போயின. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். உபுண்டுவும் இதில் அடக்கம். வெளியே தெரிந்தது 2008 மே மாதம். அந்த ஆயிரம் பேரும் அதுவரை எங்கே போயிருந்தார்களோ! இன்னொன்று, லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் பல வருஷம் நம்பியிருந்த எக்ஸ்11-ல் ஒரு ஜன்னலில் தட்டும் பாஸ்வேர்டை வேறொரு புரோகிராம் ஒட்டுக் கேட்க முடியும். வேலாண்ட் வந்தபிறகுதான் அதற்கு விடிவு.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. அதன்பிறகு பேட்ச், தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும்தான். விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 இல்லாத கம்ப்யூட்டரை அது அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நம்மூரில் இதற்கு மேலும் ஒரு கூத்து: திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பவர், குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அப்டேட்டையும் அணைத்துவிட்டுப் போவார். அதில்தான் வங்கிக் கணக்கும், வருமான வரியும். உரிமையாளரைக் கேட்டால் "நல்லாத்தானே ஓடுது" என்பார்.

இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் அன்பர் பென்டிரைவோடு வந்தால் தாராளமாக வரவேற்கலாம். காசில்லாமல் பேட்ச் வரும். வைரஸ் வராது என்ற டயலாக்கை மட்டும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வரட்டும்.